அம்மாவுக்கு அடித்த மஞ்சள்

குண்டனி நாடு, கொல்லிமலை
10.2.2002

தம்பி தனசேகரனுக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மாவின் இரண்டாம் வருச நினைவு நாளுக்கு நானும் என் வீட்டுக்காரரும் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்கு, உன் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் பெரிய பிரேம் போட்டு, மாலை சாத்தி, சீரியல் லைட் சுற்றி ஒரு அம்மாள் படம் மாட்டியிருந்தது. நாகலட்சுமியின் பிறந்த வீட்டு வழியில் யாரோ பெரியவர்கள் தவறிவிட்டார்களாக்கும் என்று நினைத்து அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "அம்மா படம் எங்க நாகு?" என்றேன்.

"ஏனுங்க அண்ணி, இப்பக் கும்புட்டீங்களே, அதுதானுங்க" என்றாள்.

தம்பி, பெற்ற மகள் நான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க மஞ்சள், கன்னத்தில் ரோஸ், உதட்டில் சாயம். அம்மா பிறந்தது முதல் கட்டாத பட்டுச் சேலை. மூக்கைக்கூடக் கொஞ்சம் கிள்ளி எடுத்திருக்கிறான் அந்தப் பெயிண்டர். யார் இப்படி அடிக்கச் சொன்னது என்று கேட்டதற்கு, "கலரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னது உங்க தம்பிதானுங்க, எங்கிட்ட எதுக்குங்க கோவிச்சுக்கறீங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா ஒரே ஒரு தடவை சேந்தமங்கலம் கூட்டிப்போய் எடுத்த படம் அது. அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் எடுத்த படம் அது ஒன்றுதான். படம் எடுத்த ஸ்டுடியோவும் இன்றைக்கு இல்லை. பெரிதாக்கிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னதால்தான் என் வீட்டு ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். எனக்கு என் படம் வேண்டும். அந்த மஞ்சள் அம்மாளை நீயே வைத்துக்கொள்.

நாமகிரி

*

அலெக்சாந்திரியா, எகிப்து
6.3.2002

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கு அது சந்தோஷமாக இருக்கும்.

ஆமாம், நான்தான் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? தாரணிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல இடத்தில் வரன் வந்திருக்கிறது. பையன் இன்ஜினியர். ஜாதகம் வாங்க வந்தபோது தரகர் நாகுவிடம் கேட்ட முதல் கேள்வியே, "பொண்ணோட அப்பத்தா மலைக்காரிங்களாமே?" என்பதுதான். அப்பாவின் சொந்தக்காரர்கள் ஐம்பது வருசமாகச் சொல்லிக்காட்டியது போதாதா? என் மகள் தலையிலும் அது ஏற வேண்டுமா? சுவரில் ஒரு படம் செக்கச் செவேலென்று இருந்தால் அந்தப் பேச்சு அதோடு நிற்கும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

இதோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன், பாருங்கள். கெய்ரோ மியூசியத்தில் இருக்கும் சிலை. புருசனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு வருசத்துப் பழசு, வண்ணம் இன்னும் போகவில்லை. புருசனுக்குச் செங்கல் பொடி மாதிரி நிறம், பெண்டாட்டிக்கு வெளிறின மஞ்சள். கல்லறைச் சுவர்களிலும் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே இருந்த கைடைக் கேட்டேன். ஆண் வெயிலில் வேலை செய்கிறவன், அதனால் செம்பழுப்பு. பெண் வீட்டு நிழலில் இருப்பவள், அதனால் மஞ்சள். உண்மையில் யார் என்ன நிறம் என்பதை வைத்து அடிக்கவில்லை, அது ஒரு முறை என்றார். அதைப் பொய் என்று அந்தக் காலத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. பெரிய இடத்துப் பெண்களுக்குக் கொடுத்த மரியாதை அது. அம்மாவுக்கு அந்த மரியாதையை நான் கொடுத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

படத்தை நாகுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே ஆயிரம் வேலை.

தனசேகரன்

*

குண்டனி நாடு
2.4.2002

தம்பிக்கு,

கார்டு வந்தது. நீ பாதிதான் பார்த்திருக்கிறாய். நான் முழுதாகப் பார்த்தேன்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் செம்பழுப்பு, நிழலில் இருப்பவர்களுக்கு மஞ்சள் என்றால் அந்த ஊர்க்காரன் கணக்குப்படியே கேட்கிறேன், அம்மாவுக்கு எந்த நிறம்? அப்பா செத்த பிறகு பெரியப்பா வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு வைத்தார்கள். உன்னைப் படிப்புக்காக அங்கேயே விட்டுவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பிறந்த மலைக்கே ஏறி வந்தாள். வந்த நாளிலிருந்து நிழல் என்று ஒன்றை அவள் பார்த்தாளா? தினைக்காட்டில் களை எடுத்தாள். மரவள்ளி பிடுங்கினாள். மூங்கில் ஏணி சாய்த்து மிளகு பறித்தாள். அந்த மிளகு விற்றுத்தான் நீ ஐ.டி.ஐ. படித்தாய். அந்தச் சிலையில் புருசனுக்கு அடித்திருக்கிற நிறம் இருக்கிறதே, அதுதான் அம்மா நிறம். கார்டைக் கையில் வாங்கியதும் எனக்கு அதுதான் பட்டது. பக்கத்தில் இருக்கிற மஞ்சள் பெண் யாரென்று எனக்குத் தெரியாது.

முறை என்கிறாய். நானும் முறை பார்த்தவள்தான். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் பெருமாளுக்கு நீலம் அடிக்கிறார்கள். பார்க்கிறவன் யாரும் பெருமாள் பிறக்கும்போதே நீலமாக இருந்தார் என்று ஏமாறுவதில்லை. அடிக்கிறவனுக்கும் தெரியும், கும்பிடுகிறவனுக்கும் தெரியும். அந்த ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ மாட்டிய படம் அப்படியா? திருச்செங்கோட்டுக்காரர்கள் நம்பவேண்டும் என்றுதானே மாட்டினாய்? அதற்கு முறை என்று பேர் வைக்காதே. எங்கள் ஊரில் அதற்கு வேறு பேர், கடிதத்தில் எழுதக் கை கூசுகிறது.

மரியாதையாம். அவள் இருந்தபோது உன் கிருகப்பிரவேசத்துக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டு, சொந்தபந்தம் போன பிறகு சாயங்காலமாக வரச் சொன்னாயே, அந்த மரியாதையைச் சொல்கிறாயா?

படம் இன்னும் என் கைக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் நாகு பெயிண்டர்கிட்ட இருக்குதுங்க என்கிறாள்.

நாமகிரி

*

அலெக்சாந்திரியா
9.6.2002

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவதையும் கிழித்தால் நல்லது என்று தெரிகிறது, ஆனாலும் அனுப்புகிறேன்.

நிறம் நிறம் என்று நீங்களும் சாகிறீர்கள், திருச்செங்கோட்டுக்காரர்களும் சாகிறார்கள். இங்கே என் கதை தெரியுமா? அப்பா வீட்டில் என்னைச் செவத்தப் பையன் என்றுதானே கூப்பிடுவார்கள். இந்த மில்லில் சேர்ந்த முதல் நாளே கேண்டீன்காரன், "நீ அஸ்வானா, நூபியனா?" என்றான். அஸ்வான் என்பது தெற்குக் கோடி, நூபியன் என்கிற கறுத்த சனங்கள் இருக்கிற பக்கம். இன்றைக்கு வரை எனக்கு அதுதான் பேர். சிரியுங்கள்.

என்கூட வேலை செய்யும் முஸ்தபாவின் அண்ணன் டாக்டர். ரத்தத்தை வைத்து வம்சம் பார்க்கிற ஆராய்ச்சிகளை நன்றாகப் படித்தவர். அவரிடம் கேட்டேன், பழைய எகிப்துக்காரர்கள் வெள்ளையா கறுப்பா என்று. "வெளிநாட்டில் இதற்கு இரண்டு கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள், நீயுமா?" என்று சிரித்தார். கடலோரத்திலிருந்து சூடான் வரை ஆற்றோரத்து ஊர்களில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். வடக்கே ஒரு வம்சவழி அதிகம், தெற்கே போகப் போக இன்னொரு வம்சவழி அதிகம். இந்த ஊரோடு இது முடிந்தது, அடுத்த ஊரில் அது தொடங்கியது என்று எங்கேயும் கோடு கிழிக்க முடியாதாம். இன்னொரு படமும் புத்தகத்தில் காட்டினார். ஒரு ராஜமாதா. செத்துப் பல தலைமுறைக்கு அப்புறமும் கல்லறை வேலைக்காரர்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிட்டார்களாம். அவளைக் கரேலென்று மை மாதிரி வரைந்திருக்கிறார்கள். அதுவும் அவள் தோல் நிறம் இல்லையாம். வெள்ளம் வடிந்த பிறகு நைல் விட்டுப்போகிற வண்டல் நிறம், செத்தவர்கள் மறுபடி முளைப்பார்கள் என்று அர்த்தமாம். ஆக மஞ்சளும் அவர்கள் நிறமில்லை, கறுப்பும் நிறமில்லை. நீங்கள் எதற்காக உயிரை விடுகிறீர்கள்?

அவர் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. நமக்குள் வருவதெல்லாம் அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் கலந்து வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் தாய்வழியாகவே இறங்குமாம். அம்மா மகனுக்கும் கொடுப்பாள், மகளுக்கும் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். என்னோடு நின்றது, தாரணிக்கு அவள் அம்மாவுடையதுதான் போயிருக்கிறது. உங்களுக்குப் பிள்ளையே இல்லை. ஆக அம்மாவினுடையது உங்களோடு முடிகிறது. முடிந்துபோகிற ஒன்றுக்காக, இனிமேல் வாழப்போகிற என் மகளைக் கெடுக்காதீர்கள்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். நான் லீவு கிடைக்காமல் வரவில்லை. நீங்களும் வரவேண்டாம். அம்மா முகத்தை அப்படியே உரித்து வைத்த மாதிரி நீங்கள் வந்து அந்தப் படத்துக்குக் கீழே நின்றால் படம் மாட்டியே பிரயோசனமில்லை.

தனசேகரன்

*

குண்டனி நாடு
14.7.2002

உயர்திரு தனசேகரன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி நிச்சயதார்த்தத்துக்கும் வரமாட்டேன், கல்யாணத்துக்கும் வரமாட்டேன்.

அம்மா படத்தைத் தேடிச் சேந்தமங்கலம் போனேன். பெயிண்டர் பேர் ராசப்பன். சின்னக் கடை, வாசலெல்லாம் டர்பன்டைன் வாசம். எங்கள் பழைய படத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த ஆள் முழித்தார்.

"எந்தப் படமுங்க அம்மா? அதுலயேதானுங்க அடிச்சேன்."

"அதுலயேன்னா?"

"நெகட்டிவ் இல்லீங்க. அதைப் படம் புடிச்சு, கழுவி, பெருசாக்கி அடிக்கோணும்னா சேலத்துக்கு அனுப்போணும், நாளாகுமுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க, சீக்கிரம் வேணும்னாங்க உங்க ஊட்டுல. இருந்த படத்து மேலயே அடிச்சு, பெரிய பிரேம்ல போட்டுக் குடுத்தேனுங்க. அவிங்ககிட்டச் சொல்லித்தான் அடிச்சேன்."

நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். நாகு தடுத்தாள், தாரணி பிரேமைக் கழற்றிக் கொடுத்தாள். ராசப்பனிடமே கொண்டுபோய்ப் பெயிண்டை எடுக்கச் சொன்னேன். ஓரத்தில் பஞ்சு வைத்துத் துடைத்தார். மஞ்சள் போனது, அதோடு அம்மா காதும் போனது. வெறும் காகிதம் தெரிந்தது. போதும் நிறுத்துங்கள் என்றேன். காதுக்கு மறுபடி மஞ்சள் அடித்துக் கொடுத்தார். பழையபடி உங்கள் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மயக்கம் என்று நினைத்துச் சன்னலைத் திறந்துவிட்டாள்.

பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மலையில் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். என் மாமியார் சொல்லியிருக்கிறார், கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். அம்மா ஒருத்திதான் சொல்லாமல் இருந்தாள். அவள் போன பிறகு நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவும் டாக்டரைச் சாட்சி வைத்து. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத வீம்பு இருக்கிறது, ஆனால் வலிக்கிறது.

அந்தக் கறுப்பு ராஜமாதா படத்தைப் பற்றி இவ்வளவு எழுதினீர்களே, அதைக் கார்டில் அனுப்ப மட்டும் உங்களுக்குக் கை வரவில்லை. செத்த தாயைக் கறுப்பாக வரைந்து கும்பிட ஒரு தேசத்துக்கு முடிந்திருக்கிறது. அது என்ன அர்த்தத்தில் என்பது எனக்கு வேண்டாம்.

இனி எழுதவேண்டாம்.

நாமகிரி அருணாசலம்

*

காளப்பநாயக்கன்பட்டி
11.2.2003

அக்கா,

எழுதவேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். ஊருக்கு வந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். தை கடைசி முகூர்த்தத்தில் தாரணி கல்யாணம் முடிந்தது. பத்திரிகை அனுப்பினேன், நீங்கள் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் எழுதினேன், ஆனாலும் வருவீர்கள் என்று நினைத்தேன். அருணாசலம் மாமா மட்டும் வந்து, பந்தியில் உட்காராமல், தாரணி கையில் ஒரு பை மிளகைக் கொடுத்துவிட்டுப் போனார். சபையில் அத்தனை பேருக்கு முன்னால் அது எனக்குச் செருப்படி. அதற்காகத்தான் அனுப்பினீர்கள் என்று தெரியும்.

மறுவீட்டு விருந்துக்கு வந்த அன்றைக்குச் சம்பந்தியம்மா படத்துக்கு முன்னால் நின்று, "அப்பத்தா என்ன செவப்புங்க! பேரன் பொறந்தா இந்தக் கலர்லதான் பொறப்பான்" என்றார். நான், "ஆமாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற தாரணி, "அது எங்க அப்பத்தா இல்லீங்க அத்தை" என்றாள். மாப்பிள்ளை விளையாட்டு என்று சிரித்தார். யாரும் கேட்கவில்லை, அதோடு போயிற்று. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். அம்மா முகம் வரவில்லை. அந்த மஞ்சள் முகம்தான் வருகிறது. என்ன செய்தாலும் அதுதான் வருகிறது. குரல் ஞாபகம் இருக்கிறது, கை ஞாபகம் இருக்கிறது, மிளகு பறித்துக் கறுத்த விரல் ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. எட்டு வயசில் பிரிந்தவன் நான். அதற்கப்புறம் அவளை விசேசங்களில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் சாயங்காலம். உங்களைப் போல் எனக்குச் சேர்ந்து இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. அதையும் என் குற்றம் என்பீர்கள்.

உங்கள் மேலும் தப்பு இருக்கிறது. ஒரே படம் என்று தெரியுமில்லையா? கொடுப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம்.

நீங்கள் அப்படியே அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் கேட்கிறேன். உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். பாஸ்போர்ட் சைஸ் போதும். உங்கள் மலையிலேயே வாசலூர்பட்டியில் போட் ஹவுஸ் பக்கம் படம் எடுக்கிறவர்கள் இருப்பார்கள். மாசக் கடைசியில் நான் திரும்பிப் போகவேண்டும். அதற்குள் கிடைத்தால் நல்லது.

தனசேகரன்

*

குண்டனி நாடு
17.2.2003

தம்பி,

போட்டோ அனுப்பமாட்டேன்.

போட் ஹவுஸில் படம் எடுக்கிறார்கள்தான். நேற்று அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போனேன். நிற்கத் தோன்றவில்லை. என் படத்தை உனக்குக் கொடுத்தால் அதை எங்கே மாட்டுவாய்? கூடத்திலா? தாரணிக்கு வளைகாப்பு என்று சம்பந்தி வீட்டார் வந்தால் ராசப்பன் கடைக்கு அனுப்பிவிடுவாய். ஒரு தடவை ஏமாந்தேன், போதும்.

பிரதி எடுத்து வைத்திருக்கலாம் என்கிறாய். தம்பியை நம்பிக் கொடுத்தேன். தம்பியிடம் கொடுப்பதற்குப் பிரதி எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நிச்சயத்துக்கு ஆகாத முகம் இது. கல்யாணத்துக்கு ஆகாத முகம். அந்தப் படத்துக்குக் கீழே நின்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று நீ எழுதிய முகம். இன்றைக்கு உனக்கு அது வேண்டும், அதுவும் பாஸ்போர்ட் சைஸில், தபாலில், நீ ஊருக்குப் போவதற்கு முன்னால். உன் வீட்டிலிருந்து மலையடிவாரத்துக் காரவள்ளி எவ்வளவு தூரம்? மஞ்சள் பெண்ணைப் பார்க்கக் கெய்ரோ வரைக்கும் போனவன் நீ.

தாரணி சொன்னதை எழுதினாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடுகிறேன். உன் டாக்டர் சொன்னது ரத்தத்துக்குச் சரியாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு ஏதோ வந்துதான் இருக்கிறது.

அம்மா முகம் பார்க்கவேண்டும் என்றால் ஏறி வா. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள், இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறவன் நீ. இப்போது மிளகு பறிப்பு. நான் தோட்டத்தில் ஏணி மேலேதான் இருப்பேன். இறங்கச் சொல்லாதே, இறங்கமாட்டேன். கீழே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள். சோறு போடச் சொல்லி உங்கள் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் உன்னோடு பேசமாட்டேன்.

விடியற்காலை பஸ்ஸுக்கு வராதே, இங்கே பனி விலக நேரமாகும். வெயில் ஏறினதும் வா. அவள் நிறம் வெயிலில்தான் தெரியும்.

நாமகிரி